குணமானவர்கள் எங்கே போவது?

மனநல மருத்துவமனையில் ஒருவர் தேறிவிட்டார். நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார், பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார். இனி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிவிடுகிறார். அண்ணன் வீட்டுக்குப் போன் போகிறது. முதலில், 'அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறோம்.' பிறகு, 'பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கோம், இப்ப வேண்டாமே.' அதன்பின் அந்த நம்பர் உபயோகத்தில் இருக்காது. தேறிய மனிதர் அதே வார்டில் வயதாகிக்கொண்டிருப்பார்.

நாடு முழுவதும் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் ஆய்வு நடத்தி 2019-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக உள்ளேயே தங்கிவிட்டவர்கள் 4,935 பேர். மொத்த உள்நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இவர்களில் பலருக்குத் தேவைப்படுவது மருத்துவமனைக் கட்டில் அல்ல, வெளியே ஒரு வீடு.

இதற்குச் சட்டம் இருக்கிறது. குடும்பம் இல்லை, இருந்தும் ஏற்கவில்லை, வீடில்லை, வெளியே வசதிகள் இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 19. ஆனால், வெளியே அனுப்புவது என்றால் எங்கே அனுப்புவது? மகாராஷ்டிராவில் இப்படிப்பட்டவர்களை மருத்துவமனையிலிருந்து பிச்சைக்காரர் இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் மாற்றினார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு அதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

மனநோயாளிகளை ஓர் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்குள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கீற்றுக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அதே தமிழ்நாட்டில்தான் வேறொரு வழியும் பிறந்தது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம்பெண்கள் 1993-ல் சென்னையில் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் திரியும் மனநலம் பாதித்த பெண்களை அழைத்துவந்து, சிகிச்சை கொடுத்து, ஊரும் உறவும் தேடிக் கண்டுபிடித்து அனுப்பிவைப்பது அவர்கள் வேலை. பலர் திரும்பிப் போனார்கள். திரும்ப முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக 2015-ல் ஆரம்பித்ததுதான் 'ஹோம் அகெய்ன்'. சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிற நாலைந்து பேர். தேவைப்பட்டால் கூடவே தங்கி, இல்லாவிட்டால் அவ்வப்போது வந்துபோகிற உதவியாளர்கள். பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்கள்; மருத்துவம் படித்தவர்கள் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டி, சமூகத்துக்குள் நடக்கும் நல்ல மனநலச் சேவைகளில் ஒன்றாக இதைக் காட்டியிருக்கிறது.

வார்டுக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. வார்டில் மணி அடித்தால் சாப்பாடு. பசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வீட்டில் இன்றைக்குச் சாம்பாரா, காரக்குழம்பா என்று நாலு பேர் பேசித்தான் முடிவுக்கு வர வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. தன் புடவை தன்னுடையது, அடுத்த சலவையில் இன்னொருவர் உடம்புக்குப் போகாது. பல வருடமாக அடுப்புப் பக்கமே போகாதவர் கேஸ் பற்றவைக்கத் தயங்குவார், டீயில் சர்க்கரையை அள்ளிப் போடுவார். கெட்டுப்போகட்டும். கெடுத்துப் பழகாமல் சமையல் வராது.

இப்படி வீடு எடுப்பதில் பெரிய தடை நோய் இல்லை, ஹவுஸ் ஓனர். தனி ஆளுக்கே வீடு தர யோசிக்கிற ஊரில், சாதி கேட்டு, சைவமா அசைவமா என்று கேட்டுக் கதவைச் சாத்துகிற ஊரில், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் என்றால் யார் சாவி கொடுப்பார்கள்? நமக்கு இருக்கிற இந்தப் பயம் ஒருவரை வருடக்கணக்கில் பூட்டி வைக்கப் போதுமானதாக இருக்கிறது. அது எனக்கு ஆறாத வருத்தம்.

குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆனால் குடிநோயாளிகள் விஷயம் இன்னும் கடினம். மறுவாழ்வு மையத்திலிருந்து வந்தவர் மறுபடி குடித்துவிட்டால், 'திருந்தாத ஜென்மம்' என்று வீடும் கதவடைக்கும், விடுதியும் வெளியே தள்ளும். நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-ல் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு. குடியை விட்டாயா, மாத்திரை சாப்பிடுகிறாயா என்று நிபந்தனை இல்லை. வருமானத்தில் 30 சதவீதம் வாடகை, ஊழியர்கள் வந்து பார்க்கச் சம்மதம், அவ்வளவுதான். ஐந்து வருடக் கணக்கில் அவர் திட்டத்தில் 88 சதவீதம் பேர் வீட்டிலேயே நிலைத்திருந்தார்கள். நகரின் வழக்கமான ஏற்பாட்டில் 47 சதவீதம். வீடு கொடுத்தால் குடி நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. கனடாவில் ஐந்து நகரங்களில் இதைச் சோதித்தபோது, வீட்டில் நிலைத்தவர்கள் அதிகமானார்கள். ஆனால் போதைப் பழக்கம் குறைந்ததில், வீடு பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதற்குச் சிகிச்சை தனியாக வேண்டும். ஆனால் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவரை எந்த வாரம், எந்த இடத்தில் போய்ப் பார்த்துச் சிகிச்சை கொடுப்பது?

ஃபின்லாந்தில் அரசே 'முதலில் வீடு' என்ற இந்த வழிக்கு வந்தது. ஹெல்சின்கியில் 250 படுக்கைகள் கொண்ட பழைய விடுதி ஒன்றைச் சுமார் 80 தனி வீடுகளாக மாற்றினார்கள். குடியிருப்பவர் பெயரில் வாடகை ஒப்பந்தம் உண்டு.

நம் அரசிடம் வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைத் தேறியும் போக இடமில்லாதவர்களுக்கு ஒதுக்கலாம். ஆனால் ஒரே பிளாக்கில் எல்லாரையும் சேர்த்து வைக்கக் கூடாது. அது இன்னொரு வார்டு. மாடிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். தனியார் வீடுகளுக்கு அட்வான்ஸும் வாடகையும் அரசு பொறுப்பேற்றால் ஓனர்களின் பாதித் தயக்கம் போய்விடும். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு மாதாமாதம் தவறாத, கௌரவமான சம்பளமும் அந்தக் கணக்கிலேயே சேர வேண்டும். அவர்கள் இல்லாமல் இந்த வீடுகள் ஒரு மாதம்கூட ஓடாது.