சீறுவது பயத்தில்தான்! குட்டிப் பாம்பைக் கையில் எடுக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு...

ஜூன் மாதம் பெரியாறு அணையில் தண்ணீர் திறந்துவிட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களில் முதல்போக வேலைகள் சூடுபிடித்துவிடும். நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நல்லபாம்பு முட்டைகள் பொரிவதும், கண்ணாடி விரியன் குட்டி போடுவதும் ஏறக்குறைய இந்த மாதங்களில்தான். வைக்கோல் படப்பு, தொழுவம், குளியலறை ஓரம் என ஒரு முழம்கூட இல்லாத குட்டிகள் கண்ணில் படும்.

இன்னொரு பக்கம், மலைப்பாம்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளும் ரீல்ஸ் வீடியோக்கள். 'நாமும் ஒன்றைப் பிடித்துப் பழக்கினால் என்ன?' என்ற ஆசை பிள்ளைகளுக்கு வருவதில் ஆச்சர்யமில்லை. ஆனால், பாம்பைப் பழக்க முடியுமா?

குட்டி ஏன் சீறுகிறது?

முட்டையிலிருந்து வெளிவந்த நாளிலிருந்தே பாம்புக்குட்டிக்குத் தாயின் துணை கிடையாது. பருந்து, மயில், கீரி என எல்லாவற்றுக்கும் அது இரை. அதனால் மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு எதிரிதான், நம் கை உட்பட. சீறுவது, உடலைச் சுருட்டிக்கொள்வது, பொய்யாகக் கொத்துவது எல்லாமே 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை.

நாய், பூனைபோல பாம்பு பாசம் காட்டிப் பழகாது. 'இந்தக் கையால் ஆபத்தில்லை' என்று பயம் தணியும், அவ்வளவுதான்.

வயலில் பிடித்ததை வளர்க்கலாமா?

கூடாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். நல்லபாம்பு, மலைப்பாம்பு போன்ற முதல் அட்டவணை உயிரினங்கள் என்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பந்து மலைப்பாம்பு (பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் இந்தப் பெயர்) போன்ற, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆவணம் இல்லாமல் விற்கப்படும் குட்டி கடத்தல் சரக்காக இருக்கலாம். பந்து மலைப்பாம்பு 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் என்பதையும் வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

முறைப்படி வளர்ப்பவர்களுக்கு...

* கொண்டுவந்த முதல் ஒரு வாரம் தொடவே கூடாது. தண்ணீர் மாற்ற மட்டும் பெட்டியைத் திறக்கலாம்.
* ஒளிந்துகொள்ள இரண்டு மறைவிடங்கள் தேவை. ஒன்று வெதுவெதுப்பான பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். ஒளிய இடமில்லாத குட்டியின் பயம் தணியாது.
* ஒழுங்காக இரை எடுக்கத் தொடங்கிய பிறகே கையில் எடுக்க வேண்டும். இரை தின்ற பின் இரண்டு நாள்கள் தொட்டால் கக்கிவிடும்.
* மேலிருந்து பிடிக்காமல், பக்கவாட்டில் கையை மெதுவாகக் கொண்டுபோய் நடு உடலைத் தாங்க வேண்டும். தலையைப் பிடிக்கக் கூடாது.
* ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் போதும். அமைதியாக இருக்கும்போதே திரும்ப விட்டுவிட வேண்டும்.
* கண் நீலம் பூத்து மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். அப்போது பார்வை சரியாகத் தெரியாது. தொந்தரவு செய்யக் கூடாது.
* தேனியின் சித்திரை வெயிலில், மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். வெப்பமானி கட்டாயம்.

இருளர்கள் சொல்லித்தரும் பாடம்

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை வனத்துறை அனுமதியோடு பிடித்து, மண்பானைகளில் வைத்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்க அந்த விஷம் பயன்படுகிறது. இந்தச் சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2023-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பை அறிந்த இவர்களே, வேலை முடிந்ததும் அதைக் காட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

வீட்டுக்குள் குட்டி வந்துவிட்டால்?

'குட்டிதானே' என்று கையால் எடுக்க வேண்டாம். நல்லபாம்புக்கும் விரியனுக்கும் பிறக்கும்போதே விஷம் உண்டு. கண்ணாடி விரியன் குட்டியை மலைப்பாம்புக் குட்டி என்று தவறாக நினைத்து எடுப்பது உயிருக்கே ஆபத்து. குழந்தைகளையும் நாயையும் விலக்கிவிட்டு, தூரத்தில் நின்று கண்காணித்தபடி வனத்துறைக்கோ, 101-ல் தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள்.

கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோகும் வேலையும் வேண்டாம், கடிபட்டவரை க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற, விஷமுறிவு மருந்து உள்ள இடத்துக்குச் சீக்கிரம் கொண்டுசேர்ப்பதே முக்கியம்.