மலையடி ஊர்களில் மண் சரிவு

மண் சரிவு நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளுக்கே உரிய ஆபத்தென்று வேலூர், ஆம்பூர் பகுதிக் குடியானவர்கள் பலர் எண்ணுவதுண்டு. அது தவறு. 2021-ம் வருஷம் நவம்பர் மாத மழையில் வேலூர் காகிதப்பட்டறையில் மலையிலிருந்து பாறை உருண்டு ஒரு வீட்டின்மேல் விழுந்ததில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. 2024-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, பெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ. உ. சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஐந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் மாண்டனர். அப்புயலின்போது திருப்பத்தூருக்கு அடுத்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் பெய்த மழை 50 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய 20 அங்குலம்.

இப்பக்கத்து மலைகள் கடினமான பாறையால் ஆனவை. ஆயினும் வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்க, வெடிப்புகளின் வழியே கல் உளுத்து மண்ணாகிறது. உளுக்காத பாகம் உருண்டைப் பாறைகளாக அம்மண்ணின்மேல் தங்கி நிற்கிறது. மழை விடாது பெய்தால் ஜலம் மண்ணில் இறங்கி, அடிப்பாறையைக் கடக்கமாட்டாமல் தேங்கும். மண்ணின் எடை கூடும், பிடிப்புக் குறையும். பிறகு சரிவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

மனிதர் செய்யும் கேடு மலையின் காலடியில் நடைபெறுகிறது. தோல் ஷாப்புகளுக்கு வேலைக்கு வருவோர் பெருகவே, மலையடிப் புன்செய்கள் வீட்டு மனைகளாயின. மனையைச் சமமாக்கச் சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டுவதே எல்லாவற்றிலும் கொடியது. நெல்மூட்டை அடுக்கில் அடிமூட்டையை உருவியதுபோல, மேலுள்ளது தாங்கலின்றி நிற்கும். மலையிலிருந்து இறங்கும் ஓடையைத் தூர்த்து மனையோடு சேர்ப்பது அடுத்த தவறு. வருஷத்தில் பெரும்பாகம் வறண்டு கிடப்பதால் அதை ஓடையென்று மதிப்பவர் சிலரே. சரிவிலேயே உறிஞ்சுகுழி வெட்டினால் மண் ஓயாது நனைந்துகொண்டிருக்கும்.

முற்காலத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டை தந்த செடியின் வேர் மேல்மண்ணைப் பிடிக்குமேயன்றி ஆழ்ந்த சரிவைத் தடுக்காது. எனினும் அதை வெட்டியும், காய்ந்த புல்லுக்குத் தீ வைத்தும் மலையை மொட்டையாக்கினால், மழை மண்ணை அரித்துப் பாறைகளின் அடியைக் காலியாக்கிவிடும்.

மலையடி நிலத்தை மனையாக விற்குமுன் அதன் சொந்தக்காரரும் கிராம நிர்வாக அலுவலரும் கிராம வரைபடத்திலுள்ள ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நாட்டச் செய்தல் வேண்டும். சரிவை வெட்டியே தீரவேண்டுமாயின் படிப்படியாக வெட்டி, மேற்புறம் வடிகால் அமைத்து, தாங்குசுவரில் ஜலம் வடியத் துவாரங்கள் விடவேண்டும். துவாரமற்ற சுவரை நம்பி அதனடியில் உறங்குவது சுவரில்லாததைவிட ஆபத்து. மழைக்காலத்தில் மேட்டில் புதிய வெடிப்புக் கண்டாலும், மரமோ கம்பமோ சாய்ந்தாலும், ஊற்று ஜலம் திடீரெனக் கலங்கினாலும், பெருகி வந்த ஓடை மழை விடாதபோதே நின்றாலும், இரவென்றும் பாராது வீட்டைக் காலி செய்து, அதன் பின்னர் தாசில்தாருக்குத் தகவல் அனுப்புக.