பையோடு பள்ளி செல்லும் பிள்ளை

எட்டாம் வகுப்பிலே நான் கணிதம் கற்பித்த ஓராண்டில், கதவோரத்துக் கடைசி வாங்கிலே ஒரு மாணவன் அமர்ந்திருப்பான். ஒரு பாடவேளைக்குள் இருமுறை எழுந்து, "வெளியே போகலாமா, சேர்?" என்று கேட்பான். மற்றப் பிள்ளைகள் நகைப்பார்கள். உடற்பயிற்சி வேளையில் ஏதேனும் சாக்குக் கூறி வகுப்பிலேயே தங்கிவிடுவான். இடைவேளையில் உணவுப் பெட்டியைத் திறப்பதில்லை. படிப்பில் நாட்டமில்லாத பையன் என்று ஆசிரியர்களாகிய நாங்கள் முடிவு கட்டினோம். ஒருநாள், "உனக்கு மாத்திரம் என்ன தனிச் சட்டமா?" என்று எல்லார் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து அவனுடைய தாயார் வந்தார்.

பெருங்குடலிலே புண்கள் தோன்றிக் குருதி கசியும் நோயினால் முந்திய ஆண்டு முழுவதும் அவன் வாடியிருந்தான். மருந்துகள் பயன் தராமையால் வைத்தியர்கள் பெருங்குடலை அகற்றி, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்புறத்தே வெளிக்கொணர்ந்து அமைத்திருந்தனர். அவ்விடத்தில் ஒட்டப்பட்ட பையொன்றிலே மலம் வந்து சேரும். பை பாதி நிரம்பும் முன்னர் அதனை வெறுமையாக்குதல் வேண்டும். "சேர், பிள்ளை விடியத் தேத்தண்ணிகூடக் குடியாமல்தான் வாறான். குடிச்சால் பை நிரம்பிப் போகுமெண்டு பயம்," என்றார் தாயார். அன்று நான் நாணியதுபோல் என் ஆசிரிய வாழ்வில் வேறொரு நாளும் நாணியதில்லை.

வயிற்றில் அமைக்கப்படும் இத்துவாரத்தை வைத்தியர்கள் 'ஸ்டோமா' என்பர். கிரேக்க மொழியிலே இச்சொல்லுக்கு வாய் என்பது பொருள். பொருத்தமான பெயர்தான். நம் உதட்டின் உட்புறம் போலவே அது சிவந்தும் ஈரமாகவும் இருக்கும். தொட்டால் நோவதில்லை, வலியை உணரும் நரம்புகள் அதன் மேற்பரப்பில் இல்லை. ஆனால், அடக்கிக்கொள்ளும் தசையும் அதற்கு இல்லை. ஆகவே, "கொஞ்சம் பொறு, மணியடித்ததும் போகலாம்" என்று அப்பிள்ளையிடம் கூறுவதில் அர்த்தமே கிடையாது.

இந்நிலை முதியோர்க்கும் புற்றுநோயாளர்க்கும் மாத்திரம் உரியதென்று பலர் எண்ணுகின்றனர். பிறந்து இரண்டு நாள் ஆன சிசுவுக்கும் இது நேரலாம். மலவாயில் இல்லாமலே சில குழந்தைகள் பிறக்கின்றன. ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்பர். ஹிர்ஷ்பிரங் என்னும் டென்மார்க்கு வைத்தியர் 1886இல் விவரித்த நோயும் ஏறக்குறைய அதே அளவினது. கருவிலே குழந்தை வளரும்போது, குடலை இயக்கும் நரம்புக் கலங்கள் மேலிருந்து கீழாகப் பயணம் செய்கின்றன. சில குழந்தைகளில் அவை கடைசி வரை சென்றடையாமல் இடைவழியில் நின்றுவிடுகின்றன. நரம்பு சேராத பகுதி தளராமல் இறுகிக் கிடக்க, அதற்கு மேலுள்ள குடல் உப்பிப் பெருக்கிறது. பிறந்து நாற்பத்தெட்டு மணி நேரமாகியும் முதல் மலம் வெளியேறாத குழந்தையை வைத்தியரிடம் காட்டாது தாமதித்தல் ஆகாது. பொரளையிலுள்ள சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலே குழந்தைகளுக்கான சத்திரசிகிச்சை கட்டணமின்றியே நடைபெறுகின்றது. சிசுக்களிற் பெரும்பாலானோர்க்கு ஸ்டோமா தற்காலிகமானதே; குடலைச் சீர்செய்தபின் சில மாதங்களில் அதனை மூடிவிடுவர். வாழ்நாள் முழுவதும் அதனோடு வாழ வேண்டியவர்களும் உளர்.

பிரான்சு தேசத்து மன்னன் சிரச்சேதம் செய்யப்பட்ட 1793ஆம் ஆண்டிலேயே, அந்நாட்டின் பிரெஸ்ட் துறைமுகத்தில் டியூரே என்னும் சத்திரவைத்தியர், மலவாயிலின்றிப் பிறந்த ஒரு பச்சிளங்குழந்தைக்கு வயிற்றிலே வழியமைத்தார். மயக்கமருந்தும் கிருமிநீக்கமும் அறியப்படாத காலம் அது. அக்குழந்தை நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்தது! ஆனால் அவர் என்ன பையை அணிந்தார், எவ்வாறு வெளியே நடமாடினார் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கலங்குகின்றது. ஒட்டிக்கொள்ளும் பை தோன்ற அதன்பின் நூற்றறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. 1954இல் எலிஸ் சோரன்சன் என்னும் டென்மார்க்குத் தாதி, சத்திரசிகிச்சைக்குப்பின் வெளியே செல்ல அஞ்சி வீட்டிலேயே முடங்கிய தன் சகோதரிக்காக அதனைச் சிந்தித்தார். பிளாஸ்டிக் உற்பத்தியாளர் ஒருவர் முதலில் மறுத்தாராம். அவருடைய மனைவியும் தாதியாக இருந்தமையால், அந்த அம்மையாரே கணவரை இணங்க வைத்தார். அமெரிக்காவில் நோர்மா கில் என்னும் பெண்மணி, தாம் ஸ்டோமாவோடு வாழ்பவராக இருந்தே, 1958 முதல் கிளீவ்லாந்து மருத்துவ நிலையத்தில் மற்ற நோயாளர்க்குப் பயிற்சியளித்தார். இன்று உலகெங்கும் உள்ள ஸ்டோமாத் தாதிமாரின் பணிக்கு அவரே முன்னோடி.

வீட்டுப் பராமரிப்பு கடினமானதன்று. ஆனால் ஒழுங்கு வேண்டும். சுற்றியுள்ள தோலை இளஞ்சூட்டு நீரால் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். எண்ணெய்ப்பசையுள்ள சவர்க்காரமும் பவுடரும் பூசினால் பை ஒட்டாது. ஒட்டும் தகட்டின் துவாரத்தை ஸ்டோமாவைவிட ஓரிரு மில்லிமீற்றர் மாத்திரமே பெரிதாக வெட்டுதல் வேண்டும். பெரிதானால் கழிவுநீர் பட்டுத் தோல் புண்ணாகும். முதற் சில வாரங்களில் ஸ்டோமா சுருங்குமாதலால் மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். ஸ்டோமா கறுத்தாலோ, கழிவு நின்று வயிறு வீங்கி வாந்தி உண்டானாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். சிறுகுடல் ஸ்டோமாவுடைய பிள்ளை நீரையும் உப்பையும் மிகுதியாக இழக்கும்; அவற்றை உறிஞ்சும் பெருங்குடல் அங்கே தொழிற்படுவதில்லை. என் மாணவன் தேநீரைத் தவிர்த்தது எவ்வளவு ஆபத்தென்று அப்பொழுதுதான் உணர்ந்தேன். உப்பிட்ட கஞ்சியும், வைத்தியர் கூறும்போது ஜீவனிக் கரைசலும் கொழும்பு வெயிலுக்கு மிக அவசியம். தேங்காய்ச் சொட்டு, கச்சான், முருங்கைக்காய்ச் சக்கை போன்றவற்றை நன்கு மெல்லாது விழுங்கினால் அடைப்பு உண்டாகலாம்.

பைகள் இறக்குமதிப் பொருள்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், இத்தகைய பொருள்களை வாங்குவது நடுத்தரக் குடும்பங்களுக்கும் சுமையாயிற்று. கைக்குழந்தையாயின் துணியையோ அணையாடையையோ கொண்டு சமாளிக்கும் தாய்மார் உண்டு. பள்ளிப் பிள்ளைக்கு அது இயலாது. பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்தைப் பயன்படுத்தும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும், நெருக்கடியான வெள்ளவத்தை அனெக்ஸ்களிலும், காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடத் தனிமை கிடைப்பதே அரிது.

எம்மவரிடையே இன்னொரு துன்பமும் உண்டு. தன் பேரனைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லலாகாது, அஃது ஆசாரக்கேடு என்று பாட்டியார் தடுத்ததாக என் மாணவனின் தாயார் கூறி அழுதார். நானும் நீறு பூசும் குடும்பத்தில் பிறந்தவனே. அப்பாட்டியாரிடம் சென்று, "அம்மா, அவன் வெளியே சுமப்பதை நாமெல்லாம் உள்ளே சுமந்துகொண்டுதானே சந்நிதியில் நிற்கிறோம்?" என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. எனினும் அவ்வாண்டு ஆடிவேல் ஊர்வலத்தைக் காண அவனும் காலி வீதிக்கு வந்தான் என்று பின்னர் அறிந்தேன்.

பாடசாலையிலே என்ன செய்தோம்? அதிபரிடம் பேசி, ஆசிரியர் கழிவறையின் திறப்பு ஒன்றை அவனுக்கென வாங்கினேன். உள்ளே தாழ்ப்பாள், நீர்க்குழாய், உடுப்பு மாட்ட ஓர் ஆணி, மூடியுள்ள ஒரு கூடை ஆகியவை போதும். நன்மை செய்துவிட்டதாக எண்ணித் திறப்பை நீட்டினேன். அவன் வாங்க மறுத்துவிட்டான்! மாணவன் ஒருவன் ஆசிரியர் கழிவறைக்குச் சென்றால் அன்றே பள்ளி முழுவதும் தெரிந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை, அவனுக்குத் தோன்றிற்று. "அப்படியானால் என்ன செய்யலாம், நீயே சொல்," என்றேன். சற்று யோசித்து, "வரவுப் பதிவேட்டை ஒபிசுக்குக் கொண்டுபோற வேலையை எனக்குத் தாங்கோ சேர்," என்றான். அலுவலகத்துக்கு அடுத்ததுதான் அக்கழிவறை. கொப்பிகளைச் சுமப்பது, வெண்கட்டி எடுத்து வருவது என்று பின்னர் வேறு அலுவல்களும் சேர்ந்தன. யார் யாருக்கு இச்செய்தி தெரிய வேண்டும் என்பதையும் அவனே தீர்மானித்தான்: அதிபர், நான், அவனுடைய ஒரு நண்பன். மாற்றுப் பை ஒன்றும் ஒரு காற்சட்டையும் என் மேசை இழுப்பறையில் எப்போதும் இருந்தன. ஓராண்டில் இருமுறை மாத்திரமே அவை தேவைப்பட்டன.

நான்கு ஆண்டுகள் கடந்துவிட்டன. இப்பொழுது அவன் உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்கின்றான். அண்மையில் வெள்ளவத்தையிலே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், மலவாயிலின்றிப் பிறந்த குழந்தைக்கு ஸ்டோமா அமைக்கப்பட்டது. இளந்தாய் குழந்தையைக் குளிப்பாட்டவும் அஞ்சினார். இரு பக்கத்தாரையும் கேட்டு, சம்மதம் பெற்று, ஒரு சனிக்கிழமை அவனை அங்கே அழைத்துச் சென்றேன். அவன் கைகளைக் கழுவினான். தகட்டை அளந்து வெட்டிக் காட்டினான். பழைய பையை மெல்ல அகற்றினான். அத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அக்கா, பாருங்கோ. தொட்டுப் பாருங்கோ. எனக்கும் இப்பிடித்தான். நோகாது," என்றான்.

அவர் திரும்பிப் பார்த்து, சுட்டுவிரலை நீட்டினார். குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது.