பிசின் வார்ப்பும் கடைசல் கட்டையும்

மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைந்து பொருள்கள் செய்யும் தொழில் நம் நாட்டில் தொன்றுதொட்டு நடந்துவருவது. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து செய்யப்படும் அரக்குப் பூச்சுப் பொம்மைகள் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். அங்கே தொழிலாளி, சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துகிறார். உராய்வில் பிறக்கும் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தின்மேல் சீராகப் பரவுகிறது. பூச்சு சரியாக அமையாவிடில் மீண்டும் இளகச் செய்து அதைத் திருத்திக்கொள்ளலாம். அரக்கு என்பது ஒருவகைப் பூச்சி சுரக்கும் இயற்கைப் பிசின். இதனை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்னுமிடத்தில் 1924-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

கடைசல் தொழிலில் இப்பொழுது செயற்கைப் பிசின்களும் இடம்பெற்றுவிட்டன. திரவமாக உள்ள பிசினை அச்சில் ஊற்றி இறுகச் செய்து, அக்கட்டையை மரத்தைப் போலவே கடையலாம். பேனா உறை, கத்திப் பிடி, சதுரங்கக் காய், சிறு கிண்ணம் முதலியவற்றை இவ்விதம் செய்யலாம். வெடிப்பும் முடிச்சும் உள்ளதால் கழித்து ஒதுக்கப்படும் மரத் துண்டுகளைப் பிசினுள் பதித்துப் பயன்படுத்தவும் இயலும். இதற்குப் பெருங் கருவிகள் தேவையில்லையாதலால் தொழிற்பயிற்சி நிலையங்களும் சிறு தொழிற்கூடங்களும் இதனை எளிதில் மேற்கொள்ளலாம்.

ஆனால் இப்பிசின் அரக்கைப் போன்றதன்று. ஒருமுறை இறுகிவிட்டால் எவ்வளவு சூடாக்கினாலும் உருகாது, கருகவே செய்யும். எனவே பின்னர்த் திருத்திக்கொள்ள வழியில்லை. கணக்குகள் யாவும் இரு திரவங்களையும் கலப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பிசின் இறுகும் முறை

வண்ணப் பூச்சு காய்வதைப் போலப் பிசினும் காய்ந்து இறுகுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இங்கே நிகழ்வது இரசாயன வினையாகும். எப்பாக்சிப் பிசினில் மூலப் பிசின் ஒரு திரவமாகவும் இறுக்கி மற்றொரு திரவமாகவும் விற்கப்படுகின்றன. இரண்டும் கலந்ததும் அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, முப்பரிமாண வலைபோல் பின்னிக்கொள்கின்றன. இறுக்கி குறைந்தால் பிசினின் ஒரு பகுதி பிணைப்பின்றி நின்றுவிடும். மிகுந்தால் இறுக்கியே எஞ்சி நிற்கும். இரண்டு நிலையிலும் கட்டை மென்மையாகவோ ஒட்டும் தன்மையுடனோ அமையும். இறுக்கியைக் கூட்டினால் விரைவில் இறுகும் என்பது தவறான கருத்து.

பாலியெஸ்டர் பிசினின் இயல்பு வேறு. அதில் சேர்க்கப்படும் பெராக்சைடு, வினையைத் தொடங்கி வைக்கும் பொருளாகும். பொதுவாக எடையில் 100-க்கு 1 முதல் 2 வரை போதுமானது. தயாரிப்பாளர் தரும் குறிப்பே இவ்விரண்டு வகைக்கும் இறுதியான அளவாகும்.

நிறுத்துக் கலத்தல்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 20 மில்லிமீட்டர் சதுரமும் 130 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பேனாக் கட்டையின் கன அளவு 52 கன சென்டிமீட்டர். ஐந்து கட்டைகளுக்கு 260 கன சென்டிமீட்டர் வேண்டும். கலவையின் அடர்த்தி 1.1 எனக் கொண்டால் எடை 286 கிராம். பாத்திரத்தில் ஒட்டி வீணாவதையும் சேர்த்து 300 கிராம் தேவை. கலப்பு விகிதம் எடையில் 100-க்கு 50 என்றிருப்பின் பிசின் 200 கிராமும் இறுக்கி 100 கிராமும் நிறுத்துக்கொள்ள வேண்டும்.

எடை விகிதத்தைக் கன அளவு விகிதமாகக் கொள்வது அடிக்கடி நேரும் தவறு. பிசினின் அடர்த்தி 1.15 எனவும் இறுக்கியின் அடர்த்தி 1.0 எனவும் கொள்வோம். எடையில் 100-க்கு 50 சேர்க்க வேண்டியவர் அளவுக் குவளையால் அதே விகிதத்தில் ஊற்றினால், 100 கிராம் பிசினுக்கு 43 அல்லது 44 கிராம் இறுக்கியே சேரும். இந்தக் குறைவு கட்டையைக் கெடுக்கப் போதுமானது. கலவையின் மொத்த எடை குறையக் குறையத் தராசின் நுட்பம் கூட வேண்டும். பத்துக் கிராம் இறுக்கியில் ஒரு கிராம் தவறினால் பத்தில் ஒரு பங்கு பிழையாகிவிடும். ஆகவே சிறு அளவுகளுக்குப் பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசு அவசியம்.

பாத்திரத்தின் சுவரிலும் அடியிலும் ஒட்டியிருப்பதை வழித்து வழித்து மெதுவாகக் கலக்க வேண்டும். பின்னர் வேறொரு தூய பாத்திரத்துக்கு மாற்றி மீண்டும் கலக்குவது நல்லது. கலவாத பகுதி ஒரு கோடாக ஓடினும் கட்டை அவ்விடத்தில் வலுவிழக்கும்.

வெப்பம்

பிசின் இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்துகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வினையின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் ஊற்றத்தக்க நிலையில் இருக்கும் கலவை, 35 டிகிரியில் சுமார் 20 நிமிடமே அவ்வாறு இருக்கும். குளிர்நாடுகளில் அச்சிட்ட குறிப்பில் கண்ட நேரத்தை நாகபுரியின் மே மாத வெயிலில் நம்பியிருத்தல் கூடாது.

கலவை எவ்வளவு கனமாகத் திரண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு வெப்பம் உள்ளேயே தங்கும். ஒரே அளவு பிசின் அகன்ற தட்டில் அமைதியாக இறுகும். குவளையில் கொதித்துப் புகையும். எனவே கலந்ததும் அச்சில் ஊற்றிவிட வேண்டும். மிஞ்சியதைக் குவளையிலேயே விடாமலும் குப்பைக் கூடையில் போடாமலும் அகன்ற உலோகத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, இறுகிய பின்னரே அகற்ற வேண்டும். கோடையில் விடியற்காலையில் வேலையைத் தொடங்குவதும், மெதுவாக இறுகும் வகையைத் தேர்ந்தெடுப்பதும், கனமான கட்டைகளை அடுக்கடுக்காக வார்ப்பதும் உகந்த முறைகள்.

ஈரமும் குமிழும்

பதிக்கப்படும் மரத்தில் ஈரம் இருந்தால் பிசின் நன்கு பற்றாது, குமிழ்களும் தோன்றும். ஒரு துண்டை நிறுத்து, சுமார் 105 டிகிரி வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி மீண்டும் நிறுக்க வேண்டும். 230 கிராம் மரம் 200 கிராமாகக் குறைந்தால், உலர்ந்த எடையில் அதன் ஈரம் 100-க்கு 15 என்பது பொருள். மழைக்காலத்தில் இறுக்கிப் புட்டியைத் திறந்து வைத்தல் கூடாது. காற்றின் ஈரத்தையும் கரியமில வாயுவையும் அது ஏற்பதால் வார்ப்பின் மேல் வெண்படலம் படியலாம்.

குமிழைக் குறைக்கக் கலவையை மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். பெரிய தொழிற்கூடங்கள் அழுத்தக் கலத்தைப் பயன்படுத்துகின்றன. பாயில் விதிப்படி, அழுத்தம் நான்கு மடங்கானால் குமிழின் கன அளவு நான்கில் ஒன்றாகும். இதற்கென அமைந்து, சோதிக்கப்பட்ட கலத்தையே உபயோகிக்க வேண்டும். சமையல் அழுத்தக் கலத்தில் காற்றை ஏற்றிப் பார்ப்பது உயிருக்கே தீங்காகலாம்.

எப்பாக்சி பற்றாத பாலிதீன், சிலிக்கோன் ஆகியவை அச்சுக்கு ஏற்றவை. பலகையால் அச்சுச் செய்வோர் உட்புறத்தில் பாலிதீன் தாளை விரிக்கலாம்.

கடைதல்

மேற்பரப்பு இறுகியது போல் தோன்றினும் உட்புறம் இறுகாதிருக்கலாம். தயாரிப்பாளர் குறித்த காலம் முடியும்வரை கட்டையைக் கடையக் கூடாது. நகம் பதிந்தாலோ, கூரிய வாசனை வீசினாலோ மேலும் காத்திருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணக் கட்டை நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. கலப்பில் நேர்ந்த பிழை இந்த வேகத்தில் சில்லாகத் தெறித்துத் தொழிலாளியின் முகத்தைத் தாக்கக்கூடும். ஆதலின் முகக் கவசமின்றி எவரையும் பொறியின் முன் நிற்க விடலாகாது. உளி கூர்மையாக இருக்க வேண்டும். சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும்.

பாதுகாப்பு

எப்பாக்சியும் அதன் இறுக்கியும் தோலில் பட்டுவந்தால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை உண்டானால் அது பெரும்பாலும் நீங்குவதில்லை. பிறகு சிறிதளவு பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். கைகளின் உழைப்பால் வாழ்பவருக்கு இது தொழிலையே இழப்பதாகும். நைட்ரைல் கையுறை அணிவதும், பிசின் பட்ட இடத்தைத் தின்னர் முதலிய கரைப்பான்களால் துடைக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதும் கட்டாயமாகும். கடையும் தூசியை மூச்சில் ஏற்காதவாறு தக்க முகமூடியும் வேண்டும்.

பாலியெஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன், சுமார் 31 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளியிடும். நம் கோடைக்கால அறைகளின் வெப்பம் இதனினும் மிகுதி. அதன் பெராக்சைடு கண்ணில் பட்டால் பார்வை போகலாம்; உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெராக்சைடையும் கோபால்ட் விரைவூக்கியையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இவ்வகைப் பிசினைப் பள்ளிக்கூடங்கள் தவிர்ப்பதே நலம். எப்பாக்சியைக் கலக்கும் பணியையும் ஆசிரியரே செய்ய வேண்டும். கணக்கிடுவதையும் குறிப்பெழுதுவதையும் மாணவரிடம் ஒப்படைக்கலாம்.

ஒவ்வொரு வார்ப்புக்கும் நாள், அறையின் வெப்பநிலை, இரு திரவங்களின் எடை, கெட்டிப்பட எடுத்துக்கொண்ட நேரம், கடையும்போது கண்ட குறை ஆகியவற்றை ஒரு ஏட்டில் எழுதி வருவது நன்று. ஓராண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், அந்த ஊரின் கோடைக்கும் மழைக்கும் குளிருக்கும் ஏற்ற முறை அந்த ஏட்டிலேயே தெளிவாகும். களப் பணியாளர் தம் வட்டாரத்துத் தொழிற்கூடங்களுக்குச் செல்லும்போது முதலில் அங்கே தராசும், வெப்பமானியும், இத்தகைய ஏடும் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். வண்ணப் பொடிகளும் அச்சுகளும் பின்னர் வரலாம்.