மணி ஒலிக்காத இரவுக்குக் காப்புறுதி உண்டா?

தேக்காவில் ஒரு நகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் பூட்டை உடைத்துத் திருடர்கள் நுழைகிறார்கள். அலாரம் ஒலிக்கவில்லை. காலையில் கடைக்காரர் காவல்துறையை அழைத்த கையோடு, எட்டு மாதங்களுக்கு முன் அலாரம் பொருத்திய குத்தகையாளரையும் அழைக்கிறார். “போன நகைக்கு யார் பொறுப்பு?”

குத்தகையாளர் அதிகம் கலங்கவில்லை. ஒரு மில்லியன் வெள்ளிக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கிறாரே! ஆனால், காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடுகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் அலாரம், கண்காணிப்பு கேமரா பொருத்தும் சிறு நிறுவனங்கள் பலவும் கவனிக்கத் தவறும் இடம் இதுவே.

உடைத்தது வேறு, காக்கத் தவறியது வேறு

சுவரில் துளையிடும்போது தண்ணீர்க் குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரை நனைகிறது. ஏணி சரிந்து வாடிக்கையாளருக்கு அடிபடுகிறது. இவற்றுக்குக் கைகொடுப்பது பொதுப் பொறுப்புக் காப்புறுதி.

அலாரம் ஒலிக்காததால் ஏற்பட்ட இழப்பு வேறு வகை. பொருத்திய கருவி அதற்குரிய வேலையைச் செய்யத் தவறினால் இழப்பீடு இல்லை என்ற விதிவிலக்கு பல பொதுப் பொறுப்புப் பத்திரங்களில் சிறிய எழுத்தில் இருக்கும். அதை நீக்கும் கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும். எந்த உணர்கருவியை எங்கே வைப்பது என்று ஆலோசனை சொல்பவருக்கும் திட்டம் வரைந்து கொடுப்பவருக்கும் தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதியும் தேவை.

கடைக்காரரிடம் திருட்டுக் காப்புறுதி இருந்தாலும் நிம்மதி அடைய முடியாது. அந்த நிறுவனம் அவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடம் கேட்டு வழக்குத் தொடுக்கலாம்.

சட்டம் கட்டாயமாக்குவது

ஊழியர்களுக்கான வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதி விருப்பத் தேர்வன்று. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடலுழைப்பு வேலை செய்யும் ஒவ்வோர் ஊழியருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி அதை வாங்கவேண்டும். மற்ற வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி அல்லது அதற்குக் குறைவாகச் சம்பாதிப்போருக்கும் வாங்கவேண்டும். தவறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இதில் பலர் மறப்பது முதலாளியை! தனி உரிமையாளராகத் தொழில் செய்பவர் இச்சட்டத்தின்கீழ் ஊழியர் ஆகமாட்டார். ஏணியில் ஏறுவது நீங்களே என்றால், உங்களுக்கெனத் தனிநபர் விபத்துக் காப்புறுதி எடுங்கள். நீங்கள் மூன்று மாதம் படுத்துவிட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்பதைக் குடும்பத்துடன் உட்கார்ந்து கணக்கிடுங்கள். தனி உரிமையாளரின் தொழில் கடன் அவருடைய சொந்தக் கடனாகவே கருதப்படும் என்பதையும் மறக்கவேண்டாம்.

கையெழுத்திடும் முன் கேளுங்கள்

* அலாரம் செயல்படாமல் போனால் ஏற்படும் இழப்பு இதில் அடங்குமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.
* துணைக் குத்தகையாளர் செய்த தவற்றுக்கும் பாதுகாப்பு உண்டா?
* ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நான் கட்டவேண்டிய தொகை எவ்வளவு? சந்தா மலிவாக இருந்தால் இத்தொகை பெரிதாக இருக்கலாம்.
* பழைய வேலைகளுக்கும் பாதுகாப்பு தொடருமா? தொழில்முறைப் பொறுப்புக் காப்புறுதி பொதுவாக, கோரிக்கை எழும் நேரத்தில் நடப்பில் இருக்கவேண்டும். நிறுவனம் மாறும்போதும் தொழிலை மூடும்போதும் இதில் கவனம் தேவை.
* வேனில் இருக்கும் கருவிகள் திருடுபோனால் இழப்பீடு கிடைக்குமா?

காகிதமும் ஒரு காவல்

“திருட்டே நடக்காது” என்று வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொள்ளும் கூடுதல் பொறுப்பைப் பல காப்புறுதிப் பத்திரங்கள் ஏற்பதில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வோர் உணர்கருவியையும் சோதித்து, தேதியுடன் குறித்து, வாடிக்கையாளரின் கையெழுத்தைப் பெறுங்கள். பராமரிப்பு வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பிரச்சினை வரும் நாளில் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் காகிதங்கள்தாம்.

ஏற்கெனவே காப்புறுதி வைத்திருப்போர் இந்த வார இறுதியில் பத்திரத்தை எடுத்து, விதிவிலக்குகள் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். புரியாத வரி இருந்தால் திங்கட்கிழமை முகவரை அழைத்துக் கேளுங்கள்.