வாகைகுளம் விமானமும் புதியம்புத்தூர் கவுனும்



"ஏரோப்ளேன் எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று எங்கம்மா கேட்டார். புதியம்புத்தூரில் பிள்ளைகளுக்கான கவுன் தைப்பவர் அவர். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இக்கட்டுரை.

தூத்துக்குடி வாகைகுளத்தில் விமான நிலையம் 1992-ல் தொடங்கியது. ஓடுபாதை 1350 மீட்டர்தான். விமானம் மேலே எழும்ப வேகம் வேண்டும்; வேகம் எடுக்க நீளம் வேண்டும்; எடை கூடினால் நீளமும் கூட வேண்டும். ஆகவே சுமார் 70 பேர் ஏறும் ஏ.டி.ஆர். போன்ற, விசிறி சுழலும் சிறு விமானங்களே பல வருடம் வந்து போயின. இப்போது ஓடுபாதை 3115 மீட்டர். புதிய முனையத்தைப் பிரதமர் 26.7.2025 அன்று திறந்து வைத்தார்.

இதில் சரக்குக்கு என்ன லாபம்? பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில் பெட்டிகளோடு சரக்கும் போகும். விமானம் பெரிதானால் வயிறும் பெரிது. ஆனால் கூலி கிலோக் கணக்கு. விலை குறைந்த கவுன் மூட்டைக்கு அது கட்டாது, லாரிதான் சரி. கெட்டுப்போகும் மீன், வாடிப்போகும் பூ, நாளைக்கே போய்ச் சேர வேண்டிய 'சாம்பிள்' இவற்றுக்குத்தான் விமானம். சாம்பிள் ஒரு நாள் பிந்தினால் ஆர்டர் வேற ஊருக்குப் போயிரும்.

அம்மாவிடம் சொன்னேன்: "நீ ஏறாட்டியும் பரவாயில்லம்மா. நீ தைச்ச ஒரு கவுன் நேரத்துக்கு ஏறினா, நம்ம தெருவுக்கே வேலை."

நண்பர்களே, ஓடுபாதை விளக்கும் ஜெனரேட்டரும் பார்க்க டிப்ளமோக்காரனும் வேண்டும். நன்றாகப் படிப்போம்!