மீன்பிடி மானிய உடன்படிக்கையும் ஏற்புறுதியும்

மலைமேல் வாழும் மாணவனுக்குக் கடல்பற்றிய சட்டம் எதற்கு என வினவுவாரும் உளர். நோர்வூட்டிலிருந்து கடற்கரையை அடையப் பல மணி நேரம் வேண்டும். எம் மாணவருட் கடலைக் கண்ணாற் காணாதாரும் இருக்கின்றனர். ஆயினும், மாலைப்பொழுதில் லயங்களினூடே நடந்து செல்வார்க்கு நெத்தலிக் கருவாடு வறுபடும் மணம் புதிதன்று. பண்டு உமணர் நெய்தல் நிலத்து உப்பை வண்டியேற்றி உள்நாடு சென்றமையைச் சங்கப் பாடல்கள் கூறும். அத்தொடர்பு இன்றும் அறுந்திலது. ஆதலின், மீன்பிடி மானியம்பற்றி உலக நாடுகள் செய்த உடன்படிக்கையை இம்மலரில் ஒருசிறிது விளக்க முற்பட்டோம்.

மானியமாவது, ஒரு தொழில் தளராதிருத்தற்பொருட்டு அரசு அளிக்கும் பொருளுதவி. அதன் தேவையை நாம் அனுபவத்தில் அறிவோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. அவ்வெண்ணெயால் இயந்திரம் ஓட்டும் சிறுபடகு மீனவரும், அவ்வெண்ணெயால் அடுப்பெரிக்கும் மலைநாட்டு ஏழைகளும் ஒருங்கே அல்லலுற்றனர்.

எனினும், மானியத்துக்கு மற்றொரு முகமும் உண்டு. பெருங்கலங்கள் அரசுப் பணத்தின் துணையால் தூரக்கடல் சென்று, மீன் குறைந்த பின்னும் இலாபம் கண்டு, மேலும் மேலும் வலைவீசுகின்றன. கவ்வாத்துச் செய்து ஓய்வளியாது கொழுந்தையே கொய்துகொண்டிருந்தால் தேயிலைச் செடி என்னாகும் என்பதை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆராயப்பட்ட மீனினத் தொகுதிகளுள் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டவை அளவுமீறிப் பிடிக்கப்படுகின்றன என்பது ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பின் கணிப்பு.

இக்கேட்டினைத் தடுத்தற்கு 2001இல் டோகாவில் தொடங்கிய பேச்சு, 2022 யூன் 17ஆம் நாள் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையாக முடிந்தது. அது விலக்குவன மூன்று: சட்டவிரோத மீன்பிடிக்கு அளிக்கும் மானியம், அளவுமீறிப் பிடிக்கப்பட்ட இனங்களை, அவை மீளப் பெருகுதற்கான நடவடிக்கையின்றிப் பிடிப்பார்க்கு அளிக்கும் மானியம், எந்நாட்டின் கடலெல்லைக்கும், எந்த மீன்வள அமைப்பின் ஆட்சிக்கும் உட்படாத பெருங்கடலிற் பிடிப்பார்க்கு அளிக்கும் மானியம். ஆகவே, சிறுமீனவனின் எரிபொருளுதவி முழுவதையும் இது பறித்துவிடும் என்னும் அச்சம் பொருந்தாது.

இனி, ஏற்புறுதியாவது யாதெனில், மகாநாட்டில் இணங்கிய ஒன்றைத் தன் நாட்டின் முறைப்படி ஆராய்ந்து, “இதற்குக் கட்டுப்படுவோம்” என ஓர் அரசு எழுத்தில் அறிவித்தலாம். நிச்சயதாம்பூலம் திருமணமாகாதவாறுபோல, மகாநாட்டு இணக்கம் மாத்திரம் நாட்டைப் பிணிக்காது. அமைப்பின் 166 உறுப்பினருள் மூன்றிலிரு பங்கினரான 111 பேரின் ஏற்பு வேண்டியிருந்தது. அத்தொகை நிறைந்த 2025 செப்ரெம்பர் 15ஆம் நாளே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதுவும் ஏற்றவரையே கட்டுப்படுத்தும்.

இந்தியா அந்நாள்வரை ஏற்பு அளிக்கவில்லை. நெடுங்காலம் பெருமானியம் ஈந்து கடலை வறிதாக்கிய செல்வநாடுகளே மிகுதியான பொறுப்பை ஏற்கவேண்டும் என்பது அதன் வாதம். அளவுக்கு மிஞ்சிய கலங்களைப் பெருக்கும் மானியம்பற்றிய விதிகள் இவ்வுடன்படிக்கையுள் அடங்காமல் எஞ்சிநின்றன. நடைமுறைக்கு வந்த நான்கு ஆண்டுக்குள் விரிவான விதிகள் இயற்றப்படாவிடின், அமைப்பின் பொதுச்சபை வேறாக முடிவுசெய்தாலன்றி, உடன்படிக்கை தானே அற்றுப்போகும்.

ஏற்பு ஒன்றே போதுமா? எம் நாட்டு வரலாறே விடை தரும். இலங்கையரான ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க 1973 முதல் 1980இல் மறையும்வரை மூன்றாம் கடற்சட்ட மகாநாட்டின் தலைவராக வீற்றிருந்தார். அம்மகாநாடு தந்த சாசனத்தை இலங்கை 1994இல் ஏற்றுறுதி செய்தது. இத்துணைப் பெருமை இருந்தும், 2015 சனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எம் கடலுணவைத் தன் சந்தையிலிருந்து விலக்கியது. பெருங்கடற் கலங்களைச் செவ்வனே கண்காணியாமையும், குற்றத்துக்கேற்ற தண்டம் இன்மையும் அது கூறிய காரணங்கள். 2013இல் 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான மீனை வாங்கிய சந்தை அது! பின்னர் தண்டங்கள் உயர்த்தப்பட்டன. பலநாட் கலங்களிற் செய்மதிவழி இடமறியும் கருவிகள் பொருத்தப்பட்டன. 2016 யூனில் தடை நீங்கிற்று.

கையொப்பம் கண்ணியத்தின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பது இதனாற் பெறப்படும். எழுதிய சொல்லைச் சட்டமாக்கி, சட்டத்தைச் செயலாக்கி, கலத்தைக் கண்காணிக்கும் அலுவலர்வரை கொண்டுசெல்லும் அரசே ஏற்புறுதி செய்த அரசாகும். இக்கல்லூரியிற் கற்று அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் பணிபுரியும் பழைய மாணவர்காள்! இன்று கற்கும் இளைஞர்காள்! தொலைவிலுள்ள கடலென்று இதனை ஒதுக்கிவிடாதீர்கள். மீன் அருகினால் விலை ஏறும். விலை ஏறினால் முதலில் வெறுமையாவது லயத்து ஏழையின் கறிச்சட்டியே.